1969 கமாரோவுக்கு எந்த என்ஜின்: 350-ஆ, 396-ஆ, எல்எஸ்-ஆ?

கேள்வி சுருக்கமாக இதுதான். சின்சினாட்டி பக்கம் இருக்கும் ஒருவர் 1969 ஷெவர்லே கமாரோ ஒன்றை ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து வாங்கியிருக்கிறார். இருபது வருடமாக ஓடாத வண்டி. வி8, இரண்டு கியர் பவர்கிளைட் ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது காரோடு வந்த என்ஜின் இல்லை, எப்போதோ யாரோ ஒரு 350-ஐ (350 கன அங்குல என்ஜின்) தூக்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் ஜாம் ஆகிக் கிடக்கிறது. அதையே பிரித்துச் செய்வதா, 396 பிக் பிளாக் (உடலே பெரிதான 396 கன அங்குல என்ஜின்) தேடுவதா, இல்லை ஷெவர்லேயின் இந்தக் காலத்து எல்எஸ் வகை என்ஜின் போடுவதா என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஓட்ட வேண்டும், ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் வரை ஓட்டிக்கொண்டு போய், பழைய கார்கள் கூடி ஊர்வலம் போகும் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸில் நிறுத்த வேண்டும், அதுதான் ஆசை என்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு 350 ஸ்மால் பிளாக்தான். ரோலர் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டில் உருளை லிஃப்டர்கள் ஓடும் வகை), நல்ல ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் என்ஜினை மெதுவாகச் சுற்ற வைக்கும் கியர்) உள்ள கியர்பாக்ஸ். இதை என்ஜின் மேல் இருக்கும் பற்றினால் சொல்லவில்லை, நீங்கள் கடைசியாகச் சொன்ன இரண்டு வேலைகளை வைத்துத்தான் சொல்கிறேன். என்ஜின் எது என்று முடிவு செய்த நிமிடமே ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், முன் ஸ்பிரிங், பிரேக் எல்லாமே பாதி முடிவாகிவிடும். அதனால் காரை எப்படி ஓட்டப் போகிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்து என்ஜினுக்கு வர வேண்டும். பலர் பிடித்த என்ஜினை முதலில் வாங்கி கராஜில் ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிட்டு அதற்கு ஏற்ற காரைக் கட்ட ஆரம்பிக்கிறார்கள், பாதியில் பணம் தீர்ந்து எல்லாவற்றையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். நானும் ஒரு 1969 கமாரோவை ஆறு வருடம் எடுத்துக்கொண்டு செய்து முடித்தவன், அதன் பிறகு நண்பர்களின் கார்கள் இரண்டில் கை வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், உங்களிடம் இருப்பது உண்மையில் என்ன கார் என்று பார்த்துவிடுங்கள். முன்கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் ஓரத்தில் விஐஎன் (வண்டியின் அடையாள எண்) தகடு தெரியும். அது 12437 என்று தொடங்கினால் வி8 கூபே, 12337 என்றால் ஆறு சிலிண்டரோடு பிறந்த கார். அடுத்த 9 என்பது 1969. அதற்கடுத்த எழுத்து என் என்றால் ஓஹையோவின் நார்வுட் தொழிற்சாலை, எல் என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். நார்வுட் உங்கள் வீட்டுப் பக்கத்து ஊர்தானே, அந்தத் தொழிற்சாலை 1987-இல் மூடப்பட்டுவிட்டாலும் உங்கள் கார் அங்கே பிறந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்த விஐஎன் ஒன்றை மட்டும் சொல்லாது: கார் எஸ்எஸ்-ஆ, இசட்28-ஆ (கமாரோவின் வேகமான, மதிப்புள்ள வகைகள்) என்பதை. வி8 என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் சந்தையில் இத்தனை போலி எஸ்எஸ்-களும் போலி இசட்28-களும் சுற்றுகின்றன. நார்வுட் கார்களில் 1968 டிசம்பர் வாக்கிலிருந்து என்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள சின்னத் தகட்டில் எக்ஸ் என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் அடித்தார்கள். எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்று இருந்தால் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாருங்கள், அது இசட்28.

அடுத்தது என்ஜின். "ஒரிஜினல் இல்லை" என்று விற்றவர் சொன்னாரா, நீங்களே பார்த்தீர்களா? ஸ்மால் பிளாக்கில் பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், பிளாக்கின் மேல் ஒரு விரல் அகலத்துக்குச் சமதளமாக ஒரு இடம் (பேட்) இருக்கும். அதைத் துணியும் கார்ப் கிளீனரும் போட்டுத் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புக் காகிதம் எதுவும் வேண்டாம், எழுத்துகள் மெல்லியவை. ஒரு வரியில் தொழிற்சாலை எழுத்து, மாதம், தேதி, கடைசியில் இரண்டெழுத்துக் குறி இருக்கும். இன்னொரு வரியில் 19என் என்று தொடங்கி உங்கள் காரின் கடைசி ஆறு இலக்கம் இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்த என்ஜின். பிளாக்கின் பின்பக்கம் ஓட்டுநர் பக்கமாக உள்ள வார்ப்பு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 3970010 என்ற வார்ப்பை 1969-இல் தொடங்கிப் பல வருடம் ஊற்றினார்கள், சாதாரண டிரக் 350-யிலும் அதே எண்தான், 1969 இசட்28-இன் 302 கன அங்குல என்ஜின்களில் சிலவற்றிலும் அதே எண்தான். வித்தியாசத்தைச் சொல்வது அந்த இரண்டெழுத்து, டிஇசட் என்றால் 302.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் காரில் இருந்தது காரோடு பிறந்த பிளாக். ரீபோர் செய்ய (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க) கொடுத்த மெஷின் ஷாப்பில், ஹெட் உட்காரும் மேல்தளத்தையும் ஒரு மயிரிழை சீவிச் சமப்படுத்திவிட்டார்கள். வேலை சுத்தம், அளவு சரி, ஆனால் அந்த முத்திரை இருந்த சமதளமும் அதே மட்டத்தில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து சீவப்பட்டு வெள்ளையாகத் திரும்பி வந்தது. "பேடைத் தொடாதீர்கள்" என்று நான் வாயால் சொன்னதுதான், எழுதிக் கொடுக்கவில்லை. ஐம்பது வருடமாக இருந்த எழுத்து அரை மணி நேரத்தில் போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மறுபடி அடித்தால் அது போலி. ஆகவே உங்கள் பிளாக் எதுவாக இருந்தாலும் முதலில் பேடைப் படம் எடுங்கள், மெஷின் ஷாப்புக்குக் கொடுக்கும் சீட்டில் பெரிதாக எழுதுங்கள், பேட் மேல் டேப்பும் ஒட்டுங்கள்.

சரி, பாடிக்கு வருவோம். பணம் போகும் இடம் இதுதான். என் காரில் பாடிக்கும் பெயிண்டுக்கும் ஆனது என்ஜினுக்கு ஆனதைப் போல இரண்டரை மடங்கு, அதுவும் தகடு வெட்டி ஒட்டிய வேலையில் பாதி நானே செய்தும். ஓஹையோவில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், ஆகவே துரு இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், எங்கே என்றுதான் பார்க்க வேண்டும். முதல் இடம், எல்லாரும் விட்டுவிடும் இடம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கௌல். வைப்பருக்கு முன்னால் உள்ள சல்லடை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போய் இரண்டு பக்கமும் வெளியேற வேண்டும். கொட்டகையில் இருபது வருடம் நின்ற காரில் இலையும் எலிக்கூடும் அந்த வழியை அடைத்திருக்கும், ஈரம் அங்கேயே தங்கி அடித்தகட்டைத் தின்றிருக்கும். சோதனை எளிது. தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, ஒருவரை உள்ளே டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுக்கச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக அந்தச் சல்லடையில் ஊற்றுங்கள். என் காரில் ஊற்றியபோது பயணியின் கால் வைக்கும் இடத்து மூலையில் முதலில் ஒரு சொட்டு, அப்புறம் நூல் மாதிரி ஒழுகியது, தண்ணீரின் நிறம் டீ டிகாஷன் நிறம். கௌல் ஓட்டையாக இருக்கும்போது புதுத் தரைத்தகடு போட்டால் மூன்று வருடத்தில் அதுவும் போய்விடும். முதலில் மேலே அடைக்க வேண்டும், அப்புறம்தான் கீழே.

பின்கண்ணாடியைச் சுற்றி, குறிப்பாக வினைல் கூரை இருந்த கார் என்றால், அதன் கீழ் ஓரத்தில் குத்திப் பாருங்கள். அங்கிருந்து ஒழுகும் தண்ணீர் டிக்கியின் தரைக்கும், டிக்கியின் இரண்டு பக்கப் பள்ளங்களுக்கும், பின் குவார்ட்டர் பேனலின் (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு) அடிப்பகுதிக்கும் போகும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திப் பார்த்தால் பட்டி பூசிய இடத்தில் அது பிடிக்காது. லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடமும் பின் ரெயிலும் துருப்பிடித்திருந்தால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. இந்தக் காரின் அமைப்பே இரண்டும் கெட்டான்: பின்பாதி தனி சேஸிஸ் இல்லாத ஒரே கூடு, முன்பாதியில் மட்டும் போல்ட் போட்டு மாட்டிய சப்ஃபிரேம் (தனி இரும்புச் சட்டம்). அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் புஷ்கள் ஐம்பது வருடத்தில் பிஸ்கட்டாகியிருக்கும். அவற்றை மாற்றிவிட்டு சப்ஃபிரேமை நேராக்கி இறுக்கிய பிறகுதான் கதவு இடைவெளி பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்துப் பெயிண்ட் அடித்தவர்கள் பிறகு கதவு இடித்துப் பெயிண்ட் பெயர்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பெரிய தட்டைப் பேனல்களை மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள், தகடு அலை அலையாக நெளிந்துவிடும். கெமிக்கல் ஸ்ட்ரிப்பரோ மென்மையான மீடியாவோ போதும். தரையையோ கதவுக்குக் கீழே உள்ள ராக்கர் தகட்டையோ வெட்டுவதற்கு முன்னால் கதவுச் சட்டத்துக்குள் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டிங் செய்து தாங்கு கொடுங்கள், இல்லாவிட்டால் கூடு முறுக்கிக்கொள்ளும். பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், 1969 கமாரோவுக்கு எல்லாத் தகடும் புதிதாகக் கிடைக்கிறது. டைனாகார்ன் என்ற கம்பெனி முழுக் கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறது. அதனாலேயே ஒரு கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்: கௌல், தரை, ரெயில், இரண்டு குவார்ட்டர் எல்லாம் போயிருந்தால் இந்தக் காரில் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த நிலை என்றால் இன்னும் நல்ல கூடு உள்ள வேறொரு காரை வாங்குவது மலிவு. மனசுக்குக் கஷ்டமான பதில், ஆனால் பெயிண்டுக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது மூன்று என்ஜின்களையும் எடுத்துக்கொள்வோம்.

396. அதன் சத்தத்துக்கு ஈடு இல்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். 1969-இல் எஸ்எஸ் 396 என்று 325, 350, 375 குதிரைசக்தி என்று மூன்று விதமாக விற்றார்கள். அந்த எண்கள் எல்லாம் பழைய கணக்கு. ஆல்டர்னேட்டர், ஃபேன், முழு சைலன்சர் இதெல்லாம் இல்லாமல் என்ஜினை மட்டும் மேஜையில் வைத்து அளந்தது. 1972-இல் அமெரிக்கக் கம்பெனிகள் காரில் இருக்கிற மாதிரியே அளக்கும் முறைக்கு மாறியபோது, அதே மாதிரி என்ஜின்களின் எண்கள் சரசரவென்று இறங்கின. இன்றைய என்ஜினின் எண்ணோடு 1969 விளம்பர எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது. பிக் பிளாக் ஸ்மால் பிளாக்கைவிட ஏறக்குறைய 50 கிலோ கூடுதல், அத்தனையும் முன் சக்கரத்தின் மேல். அதற்கு முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், பின்னால் உங்கள் காரில் இருக்கக்கூடிய பத்து போல்ட் ஆக்ஸிலை எடுத்துவிட்டு பன்னிரண்டு போல்ட் ஆக்ஸில் தேட வேண்டும். ஹெடர் (புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) மாட்டிவிட்டால் ஸ்பார்க் பிளக் மாற்றுவது ஒரு மத்தியான வேலை. இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் கார் "396 போட்ட கமாரோ" தானே தவிர எஸ்எஸ் 396 ஆகாது, விற்கும்போது போட்ட பணம் திரும்பாது. காரோடு பிறந்த பிக் பிளாக் உங்களிடம் இருந்தால் நான் பேச்சை மாற்றியிருப்பேன். அப்போது அதைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது.

எல்எஸ் விஷயத்தில் பழைய ஆட்கள் பலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். 1955-இல் 265 கன அங்குலத்தில் ஆரம்பித்த ஸ்மால் பிளாக்கின் சிலிண்டர் மையத்திலிருந்து சிலிண்டர் மையத்துக்கு இருந்த 4.4 அங்குலம்தான் 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1-இலும் இருக்கிறது. குடும்பம் ஒன்றுதான். எல்எஸ்1 345 குதிரைசக்தி, 2008 கார்வெட்டில் வந்த எல்எஸ்3 430, இரண்டுமே நிஜக் கணக்கில். குளிரில் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றில் பிடிக்கும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். உடைந்த சில்வராடோவிலிருந்தோ டஹோவிலிருந்தோ 5.3 லிட்டர் இரும்பு பிளாக் ஒன்றைப் பழைய உதிரிக் கடையில் மலிவாகத் தூக்கி வரலாம். தினமும் வேலைக்கு ஓட்டுகிற கார், ஏசி வேண்டும், கம்ப்யூட்டர் ட்யூனிங்கில் ஆர்வம் உண்டு என்றால் நான் எல்எஸ்தான் சொல்வேன்.

ஆனால் அந்த "மலிவாக" என்ற சொல் ஏமாற்றும். என்ஜின் மட்டும்தான் மலிவு. டிரக்கின் எண்ணெய்த் தொட்டி ஆழமானது, கமாரோவின் கிராஸ்மெம்பரில் இடிக்கும், ஆகவே வேறு தொட்டி. பழைய மவுண்டில் உட்காராது, அடாப்டர் தகடு. அதற்கேற்ற ஹெடர். முன்பக்க பெல்ட் அமைப்பு சப்ஃபிரேமிலும் ஸ்டியரிங் பாக்ஸிலும் இடிக்காத மாதிரி மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர், வயரிங், ஆக்ஸிஜன் சென்சார். எல்லாவற்றையும்விட முக்கியம் பெட்ரோல். பழைய கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், எல்எஸ்ஸுக்கு 58 வேண்டும். அப்படியென்றால் உள்ளேயே பம்ப் வைத்த புது டேங்க், புதுக் குழாய்கள், ரெகுலேட்டர். ஐம்பது வருடத்துப் பழைய குழாயில் 58 பிஎஸ்ஐ ஏற்றுவது தீயோடு விளையாடுவது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், ஒரு நல்ல புது 350 வாங்கும் காசைத் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை காருக்கு அது தேவையா என்பதுதான் என் கேள்வி.

அதனால் 350. ஜாம் ஆனதைப் பிரித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பிளக் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு நீளமான கம்பியால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள், ஒட்டிக்கொண்ட வால்வு இருந்தால் புஷ் ராட் வளைந்துவிடும். அது சுற்ற ஆரம்பித்தால் உடனே பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்க மனம் துடிக்கும், வேண்டாம். பிரித்து போரை (சிலிண்டர் துளையை) அளந்து பாருங்கள். 350-இன் போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. 0.030 அங்குலம் பெரிதாக்கினால் துரு வடு போய்விடும் என்றால் நல்ல பிளாக். 0.060 வரை போனால்தான் தேறும் என்றால் நான் விட்டுவிடுவேன், சுவர் மெலிந்து சூடேறும். கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்பில் இரண்டு போல்ட்டா நான்கு போல்ட்டா என்று கவலைப்படாதீர்கள், உங்கள் பயன்பாட்டுக்கு இரண்டே தாராளம்.

பிளாக் தேறவில்லை என்றால் 1996 முதல் 2000 வரை டிரக்குகளில் வந்த வோர்டெக் 350 ஒன்றைத் தேடுங்கள். அதில் ரோலர் கேம் ஏற்கெனவே உண்டு, ஹெட்டின் காற்றுப் பாதை அந்தக் காலத்து இரும்பு ஹெட்களிலேயே சிறந்தது. மூன்று விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கிராங்கின் பின் சீல் ஒரே துண்டு என்பதால், கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட் பழையது பொருந்தாது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் மாட்டும் இடம் பெரும்பாலும் துளையிடாமல்தான் வரும், சின்ன அழுத்த மின்பம்ப் ஒன்று தேவைப்படும். வோர்டெக் ஹெட்டுக்கு இன்டேக் மேனிஃபோல்டும் தனி, பக்கத்துக்கு நான்கு போல்ட் கொண்டது. கம்ப்ரஷன் 9.5-க்கு ஒன்று, மிதமான கேம், இவ்வளவு வைத்தாலே 330, 350 குதிரைசக்தி நிஜமாகக் கிடைக்கும். அதாவது 1969-இல் கடையில் வாங்கிய எஸ்எஸ் 350-ஐவிட நன்றாகவே ஓடும்.

கேமில் ஆசைப்படாதீர்கள். சிக்னலில் நிற்கும்போது "லப் லப்" என்று துடிக்கிற சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கேம் போட்டால் ஐட்லிங்கில் வேக்குவம் குறையும், வேக்குவம் குறைந்தால் பவர் பிரேக் பெடல் கல்லாகிவிடும், குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டும் காரில் அது எனக்குச் சம்மதம் இல்லை. கார்புரேட்டரிலும் அப்படித்தான். கணக்கு மிக எளிது: கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுங்கள். 350 பெருக்கல் 5500 வகுத்தல் 3456, சுமார் 557 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), அதுவும் சிலிண்டர் முழுக்க நிரம்பினால்தான். ஆக 600 போதும், 650 தாராளம். 850 மாட்டியவர்கள் கீழ் வேகத்தில் இழுக்கவில்லை என்று இக்னிஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்களை ஒன்று விடாமல் மாற்றுங்கள். அப்புறம் கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஸ்பேசர் ஒன்று வையுங்கள்.

கியர்பாக்ஸ்தான் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கப் போகிறது. சின்சினாட்டியிலிருந்து டெட்ராய்ட் ஐ-75-இல் சுமார் 260 மைல். 26 அங்குல டயர், பின் ஆக்ஸில் 3.42 என்று வைத்தால் 70 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் இல்லாமல் 3,100 ஆர்பிஎம் சுற்றும். 0.70 ஓவர்டிரைவ் இருந்தால் 2,170. நான்கு மணி நேரம் முதல் எண்ணோடு உட்கார்ந்து பாருங்கள், இறங்கும்போது காதில் ரீங்காரம் இருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் 700ஆர்4, மேனுவல் என்றால் ட்ரெமெக் ஐந்து கியர். 700ஆர்4-க்குக் கிராஸ்மெம்பரை நகர்த்தி, டிரைவ்ஷாஃப்டைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றே ஒன்று: கார்புரேட்டரிலிருந்து போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளைச் சரியாக அளந்து மாட்டுங்கள். அது வெறும் கிக் டவுன் கேபிள் இல்லை, உள்ளே எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பதே அதுதான். அரை அங்குலம் தளர்ந்திருந்தால் கிளட்ச்கள் சறுக்கிச் சறுக்கி ஒரே நாளில் கருகிவிடும்.

பிரேக். அடிப்படைக் கார் என்றால் நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னால் டிஸ்க்குக்கு மாற்றுங்கள், என்ஜினுக்கு ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன்னால். மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையில்லை.

வுட்வர்ட் க்ரூஸ் என்றால் குளிர்விப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, வெயில், முன்னாலும் பின்னாலும் கார், நடக்கிற வேகத்தில் மணிக்கணக்காக ஊர்வது. நெடுஞ்சாலையில் சூடேறாத கார் அங்கே சூடேறும், ஏனென்றால் காற்றைக் கொண்டுவர வேண்டியது ஃபேன் மட்டும்தான். வருடாவருடம் ஓரத்தில் பானட்டைத் திறந்துவைத்து நிற்கிற கார்களில் பாதியில் ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேரும் கூடு) இருக்காது, பார்வைக்கு நன்றாக இல்லை என்று கழற்றியிருப்பார்கள். ஷ்ரவுட் கட்டாயம், ஃபேனின் இறக்கை பாதி அதற்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். மிதமான 350, முழு அகல அலுமினிய ரேடியேட்டர், ஷ்ரவுட், இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு நிம்மதியாக ஊரலாம்.

கடைசியாக, முதல் ஸ்டார்ட். என் முதல் என்ஜினில் பழைய மாதிரித் தட்டை லிஃப்டர் கேம் போட்டிருந்தேன். அந்த வகைக்கு துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெய் ஊற்றி, பிடித்த உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஓட விட வேண்டும், ஐட்லிங்கில் விடவே கூடாது. எனக்கு இது தெரியும். ஆனால் ஃப்ளோட் ஒட்டிக்கொண்டு கார்புரேட்டர் வழிந்ததால் பத்து தடவை சுற்றிச் சுற்றி, பிடித்தும் அணைந்தும், கேமின் லோபில் (வால்வைத் தூக்கும் மேடு) இருந்த பசை எல்லாம் போய்விட்டது. இருநூறு மைலில் ஒரு சிலிண்டர் டிக் டிக் என்று தட்ட ஆரம்பித்தது. எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்து பார்த்தபோது மடிப்புகளுக்குள் ஜரிகைத் தூள் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஒரு லோப் உருண்டையாகத் தேய்ந்து, அந்தத் தூள் பேரிங் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. முழு என்ஜினையும் மறுபடி பிரித்தேன். ரோலர் கேம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுதான் காரணம். காசு கூட ஆகும், இந்த அபாயம் இல்லை.

எந்தக் கேமாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எண்ணெயை ஏற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, ப்ரைமிங் கம்பியை ட்ரில்லில் மாட்டி வலப்பக்கமாகச் சுற்றுங்கள். முதலில் ட்ரில் வெறுமனே சுழலும். சில வினாடிகளில் அதன் சத்தம் கனத்து, கை மணிக்கட்டைத் திருப்பப் பார்க்கும், அதுதான் அழுத்தம் வந்ததன் அடையாளம். வால்வ் கவர் இல்லாமல் செய்யுங்கள், இன்னொருவர் கிராங்கை மெல்ல இரண்டு சுற்று சுற்றட்டும். வால்வுகளை அழுத்தும் பதினாறு ராக்கரிலும் ஒவ்வொன்றாக எண்ணெய் ஊறி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்ட வேண்டும். நான் இரண்டாம் முறை கட்டிய என்ஜினில் கடைசி ராக்கருக்கு எண்ணெய் வர நான்கு நிமிடம் ஆனது, அந்த நான்கு நிமிடமும் மனைவிதான் டார்ச் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காரைக் கொட்டகையிலிருந்து நகர்த்துவதற்கு முன்பே விஐஎன், பின்சுவர்த் தகடு, என்ஜின் பேட் மூன்றையும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரிப் படம் எடுங்கள். அப்படியே கௌலில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள். பேடில் 19என் என்று ஏதாவது தெரிந்தால் உப்புக் காகிதத்தைத் தொடாமல் முதலில் எனக்கு எழுதுங்கள், மேலே சொன்னதில் பாதியை நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.